262 கிலோமீட்டர் தண்ணீரும் மூன்று கிலோமீட்டர் வரத்துக்காலும்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எங்கள் ஊரில் நாலைந்து பேருக்குத் தூக்கம் இருக்காது. கல்லலுக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர். மேல ஊர்க் கண்மாய் பெருகி மறுகால் போகிறது என்று போன் வந்ததும் மண்வெட்டியும் டார்ச் லைட்டுமாகக் கிளம்பி எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலோரம் நடப்பார்கள். ஒரு வருஷம் சித்தப்பாவோடு நானும் போனேன்.

தண்ணீர் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வருகிறது. காய்ந்த சருகு நகர்கிற சத்தம். அப்புறம் வெளிச்சத்தில் அதன் முகம் தெரிகிறது. பழுப்பு நுரை, நுரைக்கு முன்னால் சருகும் ஆட்டுப் புழுக்கையும், அதன் மேல் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மிதக்கிற எறும்புக் கூட்டம். வெடித்துக் கிடக்கிற தரையில் ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, குமிழி விட்டு, அது நிறைந்த பிறகுதான் அடுத்த வெடிப்புக்கு நகர்கிறது. நடுவில் கருவேல வேர் அடைத்திருந்த இடத்தில் தண்ணீர் பக்கத்துப் புஞ்சைக்குள் திரும்பப் பார்த்தது. நாலு பேரும் இறங்கி வெட்டிவிட்டோம். பொழுது சாய்ந்து மேல ஊரில் கிளம்பிய தண்ணீர் எங்கள் கண்மாயின் உள்வாயைத் தொட்டபோது நடுச்சாமம் தாண்டிவிட்டது. "வந்திருச்சுய்யா" என்றார் சித்தப்பா. அது வந்த தூரம் மூன்று கிலோமீட்டர்.

இப்போது எங்கள் பக்கத்தில் பேச்செல்லாம் 262 கிலோமீட்டர் தண்ணீரைப் பற்றி. கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியிலிருந்து புறப்பட்டு, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக வைகையைத் தொட்டு குண்டாறு வரை போகப்போகிற இணைப்புக் கால்வாய் அது. அந்தத் தண்ணீர் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். ஆனால் அது எந்த மாதம் வரும், எவ்வளவு வரும், வந்து எதில் விழும் என்கிற பேச்சு ஊரில் குறைவாகத்தான் காதில் விழுகிறது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

செட்டிநாட்டின் இருப்பிடத்தை முதலில் பார்த்துவிடலாம். வடக்கே காவிரி, தெற்கே வைகை. இரண்டுக்கும் நடுவில் இரண்டுமே எட்டாத மேட்டில் கிடக்கிற மண் இது. சிவகங்கை மாவட்டத்துக்கு வைகை உண்டு. திருப்புவனம், மானாமதுரைப் பக்கம் ஓடுகிறது. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் அந்த வைகை இல்லை. நமக்கு இருப்பவை பாலாறு, மணிமுத்தாறு, தேனாறு, விருசுழி ஆறு, பாம்பாறு என்று பேர் மட்டும் பெரிதாக இருக்கிற காட்டாறுகள். மழை பெய்து நாலு நாள் ஓடும், அப்புறம் மணல்தான். வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை என்பது மோசமான கணக்கு இல்லை. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது.

அந்தச் சில நாள் மழையைப் பிடித்து நாலு மாதம் வைத்துக்கொள்ளத்தான் கண்மாய். எங்கள் பக்கம் எந்தக் கண்மாயும் தனிக் கண்மாய் இல்லை, எல்லாம் ஒரு சரத்தில் கோத்தவை. மேல் கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற அதன் கலுங்கு வழிந்து மறுகால் போகும். அந்த மறுகால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்துக்கால். இப்படி ஒன்று மாற்றி ஒன்றாகக் கடல் வரைக்கும் இறங்கிப் போகும். கலுங்கின் மேல் வரிசையாக நட்டிருக்கிற கற்களைப் பார்த்திருப்பீர்கள். கண்மாய் நிறைந்ததும் அந்தக் கற்களுக்கு நடுவில் வைக்கோலும் மண்ணும் வைத்து அடைத்து இன்னும் ஒரு முழம் தண்ணீரைத் தேக்கிக்கொள்வார்கள். அந்த ஒரு முழத்துக்குத்தான் இரண்டு ஊருக்கும் சண்டை வரும். மேல் ஊர்க்காரன் அடைத்தால் கீழ் ஊருக்கு மறுகால் தாமதம். வெள்ளம் வந்தபின்னும் எடுக்காமல் விட்டால் கரை உடையும் பயம். அடைப்பு எந்தத் தேதியில் வைப்பது, எப்போது எடுப்பது என்பதெல்லாம் ஊர்த் தலைவர்களான அம்பலங்கள் உட்கார்ந்து பேசி முடித்த வழக்கங்கள். ஆக, தண்ணீரை இன்னொருவரிடமிருந்து எதிர்பார்த்து வாழ்வது நமக்குப் புதிது இல்லை. மேல் ஊரை நம்பித்தான் கீழ் ஊர் எப்போதும் இருந்தது. தூரம் மட்டும்தான் கூடிக்கொண்டே போயிருக்கிறது.

தூரத்துத் தண்ணீர் செட்டிநாட்டுக்கு ஒரு காலத்தில் மூட்டையில் வந்தது என்றும் சொல்லவேண்டும். என் அப்பத்தா 'ரங்கூன் அரிசி' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவில் கொடுத்த கடன்தான் ஐராவதி டெல்டாவில் காடு திருத்தி நெல் வயலாக்க முதலாக நின்றது. 1930-களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலமே கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1938-க்குள் அது 25 சதவீதம் ஆனது. ஐராவதித் தண்ணீரில் விளைந்த நெல் கப்பலேறி, வானம் பார்த்த இந்தப் பூமிக்குச் சோறாக வந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றுபோனது. கண்மாய் வறண்டால் ரங்கூன் இருக்கிறது என்கிற தைரியமும் அதோடு போனது.

சரி, ஆற்றுத் தண்ணீருக்கு வருவோம். தென் சீமைக்கு வந்த முதல் பெரிய தூரத்துத் தண்ணீர் பெரியாறு. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கிற ஆற்றை மலைக்கு இந்தப் பக்கம் திருப்பலாம் என்ற யோசனை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு வந்திருக்கிறது. காசு இல்லாமல் நின்றது. 1876 முதல் 1878 வரை நடந்த தாதுவருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகுதான் வெள்ளைக்கார அரசு அதைக் கையில் எடுத்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம். பென்னிகுக் கட்டிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது.

அந்தத் தண்ணீர் வருகிற வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். அணையில் 104 அடிக்கு மேல் தண்ணீர் இருந்தால்தான் சுரங்கத்துக்கு ஏறும். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்குப் பாய்ந்து, மிச்சம் வைகை அணைக்கு வரும். 1959-ல் திறந்த அந்த அணையில் நின்று, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதான கால்வாயில் ஏறும். அங்கே முதல் பங்கு இருபோகத்துக்கு, 45,041 ஏக்கர். அதற்கப்புறம்தான் ஒருபோகம், மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர், திருமங்கலத்தில் 19,439 ஏக்கர். மேலூரையும் தாண்டி, சிவகங்கைச் சீமைக்குள் ஷீல்டு கால்வாய், லெசிஸ் கால்வாய், 48-வது மடைக் கால்வாய், கட்டாணிப்பட்டிக் கால்வாய்கள் என்று நாலைந்து வாய்க்கால்கள் நுழைகின்றன. செட்டிநாட்டின் மேற்கு விளிம்பை ஒட்டி அதோடு பெரியாறு முடிகிறது. காரைக்குடிப் பக்கம் ஒரு சொட்டும் கிடையாது.

எத்தனை பேரைத் தாண்டி வருகிறது பாருங்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவேண்டிய அவசியமே இல்லை. இரண்டு அணையின் இருப்பையும் கூட்டிப் பார்த்துத்தான் மடை திறக்கிறார்கள். இருப்பு குறைந்தால் முதலில் நிற்பது கடைசி வாய்க்கால்தான். முறை வைத்து விட்டாலும், காய்ந்த வாய்க்கால் தான் குடித்துவிட்டுத்தான் அடுத்தவனுக்கு விடும். அஞ்சு நாள் முறை என்றால் கடைமடைக்காரனுக்கு அதில் கிடைப்பது ஒன்றரை நாளோ இரண்டு நாளோ. பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 ஆக உயர்த்திக்கொள்ளலாம் என்று 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது எங்கள் பக்கமும் வெடி போட்டார்கள். அந்தச் சந்தோஷம் நியாயமானது. மேலே ஒரு அடி ஏறினால்தான் கீழே ஒரு விரற்கடை வரும்.

பெரியாற்றின் பெருமைக்கு எனக்குப் படுகிற காரணம் வேறு. அது இன்னொரு பருவத்து மழை. ஆனியிலிருந்து ஆவணி வரை கேரள மலையில் தென்மேற்குப் பருவம் கொட்டும்போது நம் ஊரில் காற்றும் புழுதியும்தான். நம் மழை ஐப்பசியில். பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற ஊருக்கு ஒரே வருஷத்தில் இரண்டு பருவமும் கிடைக்கிறது. ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும். நமக்கு ஒன்றே ஒன்றுதான். அது தப்பினால் அடுத்த ஐப்பசி வரை தவிப்புத்தான்.

வடகிழக்கே இதே கதை காவிரியிலும் உண்டு. மேட்டூரோடு சேர்த்து 1934-ல் வந்த கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டை, பேராவூரணி தாண்டி புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்து, நாகுடிப் பக்கம் போய் மும்பாலை ஏரியில் முடிகிறது. மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் கல்லணைக்கு மூன்று நாலு நாளில் வந்துவிடுகிற தண்ணீர், அறந்தாங்கிக் கடைமடைக்கு வரப் பல வாரம் ஆகும். அங்கே இருக்கிற என் அத்தை வீட்டில் 'காவிரி வந்திருச்சு' என்பதை விருந்தாளி வந்த மாதிரிச் சொல்வார்கள்.

இப்போது அந்த 262 கிலோமீட்டர். 2021 பிப்ரவரி 21-ல் புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். மூன்று கட்டம். காவிரியிலிருந்து தெற்கு வெள்ளாறு வரை 118 கிலோமீட்டர், அங்கிருந்து வைகை வரை சுமார் 110, வைகையிலிருந்து குண்டாறு வரை 34. நம் பக்கம் வரவேண்டியது இரண்டாம் கட்டம். முதல் கட்டம் முழுதாக முடிந்தால்தான் இரண்டாவதில் வெட்டுகிற கால்வாய்க்கு அர்த்தம். எடுக்கப்போவது மிச்ச வெள்ளம் மட்டும்தான் என்று தமிழ்நாடு சொல்கிறது. கர்நாடகம் அதை ஒப்பாமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. 2018-ல் வந்த இறுதித் தீர்ப்பில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விடவேண்டிய அளவு 177.25 டி.எம்.சி. என்று குறைந்தது (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அந்தக் கணக்கில் இந்தக் கால்வாய்க்கென்று தனிப் பங்கு ஏதும் இல்லை. காவிரியில் வெள்ளம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கால்வாயின் கொள்ளளவு வினாடிக்கு 6,300 கன அடி. ஒரு நாள் முழுக்க நிறைந்து ஓடினால் சுமார் 54 கோடி கன அடி, அதாவது அரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல். ஒரு மாதம் விடாமல் ஓடினால் 16 டி.எம்.சி. இதை வழியில் இருக்கிற ஆறு மாவட்டமும் பங்கு போட்டுக்கொள்ளவேண்டும். வெயிலும் மண்ணும் எடுத்துக்கொள்வது தனி. ஒரு டி.எம்.சி. என்பது 7,000 ஏக்கரில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கிற தண்ணீர். நெல்லுக்கு நட்டதிலிருந்து அறுப்பு வரை அதற்கும் கொஞ்சம் மேலேயே ஆகும். ஆக, காவிரித் தண்ணீரை மட்டும் வைத்து நெல் போடுவதென்றால் ஒரு டி.எம்.சி.யில் 7,000 ஏக்கர்கூடத் தேறாது.

இதையே வேறு மாதிரிப் போட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைக்கிறோம். மழையில் முளைத்து, ஐப்பசி, கார்த்திகையில் வளர்ந்து, மார்கழியில் பொதி கட்டி, தையில் பால் பிடிக்கும். முக்கால்வாசிப் பயிரை மழையே வளர்த்துவிடும். அடி வாங்குவது கடைசியில்தான். பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு தண்ணீர் தவறினால் கதிர் பார்க்கப் பச்சையாக நிமிர்ந்து நிற்கும். கையில் உருவிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. சாவி. தொண்ணூறு நாள் உழைப்பும் உரக்கடைக் கடனும் அப்படியே நிற்கிற வயலில் ஆட்டை விட்டு மேய்ப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வயலில் அப்படி ஒரு தை மாதம் அப்பா வரப்பில் உட்கார்ந்து கதிரை உருவி உருவிக் கீழே போட்டுக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்குத் தேவைப்பட்டது இரண்டு அங்குலத் தண்ணீர்.

இரண்டு அங்குலம் என்று வைத்தால் அதே ஒரு டி.எம்.சி. சுமார் 1,40,000 ஏக்கருக்கு ஒரு தண்ணீர் ஆகிறது. சேதாரத்தைக் கழிக்காத கணக்குத்தான். பாதி வீணானாலும் 70,000 ஏக்கர். காவிரித் தண்ணீரை நம்பி நமக்கு முழுப் பயிர் விளையப்போவதில்லை. மழை வளர்த்த பயிரைக் கடைசியில் காப்பாற்ற அது போதும். இந்த மண்ணுக்கு அதன் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

ஆனால் மாதம் ஒத்துவராது. காவிரியில் மிச்ச வெள்ளம் வருவது பெரும்பாலும் கர்நாடக அணைகள் நிறைகிற ஆடி, ஆவணியில். 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில்தான் 22-ஆம் தேதி முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் உடைந்து போயின. தண்ணீர் கடலுக்குப் போவதை டி.வி.யில் பார்த்துக்கொண்டு இருந்தோம். எங்கள் கண்மாயில் அப்போது பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆவணியில் வருகிற வெள்ளத்தைத் தை மாதம் வயலுக்குத் தரவேண்டும் என்றால் நடுவில் அஞ்சு மாதம் அதை எங்கேயாவது வைத்திருக்கவேண்டும். கால்வாயில் வைக்க முடியாது. புதிதாக அணை கட்ட இங்கே மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. கண்மாய்தான். நூறு ஊரில் நூறு கண்மாய்.

அந்தக் கண்மாய்களின் நிலைமை எப்படி? எங்கள் ஊர்க் கண்மாயைச் சொல்கிறேன். மடையின் படியில் ஐயா காலத்தில் ஏழு கல் தெரியுமாம். இப்போது நாலு கல்தான் வண்டலுக்கு மேலே இருக்கிறது. மூன்று கல் ஆழத் தண்ணீர் அப்படியே போய்விட்டது. உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். 2016-17-ல் மறுபடி கொண்டுவந்த குடிமராமத்துத் திட்டத்தில் பல ஊர்களில் கரை பலப்பட்டது, மடை புதிதானது. அதை மனதாரச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வேலை பெரும்பாலும் கரையில் நடந்தது. வரத்துக்கால் நாலு ஊர் எல்லையைத் தாண்டி வருவது. அதை வெட்ட நாலு ஊரும் ஒத்துக்கொள்ளவேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் பாய்கிற கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு. மேல் கண்மாய் ஒருவரிடம், கீழ்க் கண்மாய் இன்னொருவரிடம் என்றால் நடுவில் இருக்கிற வரத்துக்காலை யாரிடம் போய்க் கேட்பது?

அதோடு தைலமரக் காடு. புதுக்கோட்டையிலும் சிவகங்கையின் வடக்குப் பக்கமும் மேட்டு நிலத்தில் தைலமரம் போட்டு, மழைத் தண்ணீர் வெளியே போகாதபடி உள்ளே வரப்பு போட்டுவிடுகிறார்கள். அந்த மேட்டில் விழுகிற மழைதான் கண்மாய்களுக்கு முதல் வரத்து. அது அங்கேயே நின்றுவிட்டால் சரத்தின் முதல் கண்மாயே நிறையாது. விவசாயிகள் வருஷக் கணக்காக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு மனை போடுகிறவர்கள் வரத்துக்காலைக் குழாயில் அடக்குவது, ரோடு உயர்த்தும்போது பாலத்தை மண்ணால் மூடுவது எல்லாம் இதன் மேல் சேர்ந்தவை.

ஆள் இல்லாமல் போனதும் ஒரு நஷ்டம். முன்னால் கண்மாய்க்கு ஒரு நீர்பாய்ச்சி இருந்தார். மடை திறப்பது, முறை வைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்ப்பது அவர் வேலை. அறுப்பில் வயலுக்கு இவ்வளவு கதிர் என்று அவருக்குப் பங்கு. தையில் கண்மாயில் தண்ணீர் குறையக் குறைய அவர் சொல்தான் செல்லும். இருக்கிற நாலு நாள் தண்ணீரை மேல் மடைக்காரர், கீழ் மடைக்காரர் என்று பார்க்காமல் பிரித்து எல்லார் பயிரையும் கரை சேர்த்துவிடுவார். எங்கள் ஊரில் கடைசி நீர்பாய்ச்சி இறந்த பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. காசுள்ளவர்கள் போர் போட்டுக்கொண்டார்கள். போர் இருக்கிறவருக்குக் கண்மாய்க் கூட்டத்துக்கு வரவேண்டிய தேவை இல்லை. அவர் வராததால் வரத்துக்கால் வெட்ட ஆள் குறைகிறது. காவிரித் தண்ணீர் நாளைக்கே வந்தாலும், தை மாதம் அதை எந்த மடையில் எத்தனை நாழிகை விடுவது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

குடிதண்ணீர் விஷயத்தில் காவிரி எங்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. திருச்சியில் எடுத்து ராமநாதபுரம் வரை போகிற கூட்டுக் குடிநீர்க் குழாய் வழியில் எத்தனையோ செட்டிநாட்டு ஊர்களுக்கும் தண்ணீர் தருகிறது. குழாயில் வருகிற தண்ணீருக்குக் கண்மாய் வேண்டாம், வரத்துக்கால் வேண்டாம், மேல் ஊரின் தயவு வேண்டாம். விவசாயத் தண்ணீரும் அப்படித்தான் வரும் என்று எங்கள் ஊர் இளவட்டங்கள் நினைப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். நகரத்தார் கல் பாவிக் கட்டி வைத்த ஊருணிகளில் பலவற்றை நாங்கள் பார்க்காமல் விட்டது குழாய் வந்த பிறகுதான்.

சித்தப்பாவும் நானும் போன மாதம் விஏஓ ஆபீஸில் கிராம வரைபடத்தை வாங்கிப் பார்த்தோம். அதில் எங்கள் வரத்துக்கால் மேல ஊர்க் கலுங்கிலிருந்து ஒரே சீராக, இரண்டு மாட்டு வண்டி சேர்ந்து போகிற அகலத்துக்கு வரைந்திருக்கிறது. தரையில் அந்த அகலம் மூன்று இடத்தில் ஒரு எட்டுத் தாண்டுகிற அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. ஒரு இடத்தில் சுத்தமாக இல்லை, பயிர் ஏறிவிட்டது. ஏறிய நிலத்தில் ஒன்று எங்கள் பங்காளியுடையது. சித்தப்பா அவரிடம் பேசியிருக்கிறார். அறுப்பு முடிந்ததும் அளந்துகொள்ளுங்கள் என்று அவரும் சொல்லிவிட்டார். சர்வேயருக்கு மனு கொடுத்திருக்கிறோம்.